‘லெவீ’: ஒரு சொல்லின் பிறப்பும் மிசிசிப்பி ஆற்றங்கரையின் உழைப்பும்

ஆங்கிலத்தில் ‘லெவீ’ என்றொரு சொல் வழங்குகின்றது. ஆற்றின் போக்கையொட்டி, அதன் இரு மருங்கிலும் நெடுகிலும் மண்ணால் எழுப்பப்படும் வெள்ளத் தடுப்புக் கரையை அது குறிக்கும். நம் மொழிபெயர்ப்பாளர் சிலர் இதனை ‘அணை’ எனப் பெயர்ப்பதுண்டு. அது பொருந்தாது. அணை ஆற்றுக்குக் குறுக்கே நின்று நீரை மறிப்பது. லெவீ நீரை அதன் வழியே போகவிட்டுப் பக்கங்களிற் பரவாது காப்பது. ‘கரை’ என்பதே இதற்கு அண்மையான தமிழ்ச் சொல். ஆயின் இயற்கையாய் அமைந்த கரையையும் மனிதர் கட்டிய கரையையும் தமிழ் ஒரு சொல்லாலேயே சுட்டுகின்றது. எனவே வேறுபாடு வேண்டுமிடத்துக் ‘காப்புக்கரை’ என்னும் சொல்லை இக்கட்டுரையில் ஆள்வோம்.

இச்சொல் இங்கிலாந்தின் ஆறுகளிலே பிறந்ததன்று. ஆங்கிலேயர் தம் நாட்டுக் கரைகளுக்கு ‘பேங்க்’, ‘டைக்’ போன்ற சொற்களையே வழங்கினர். வட அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்று முகப்பிலே குடியேறிய பிரெஞ்சுக்காரரின் வாய்மொழியிலிருந்து, பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ‘லெவீ’ ஆங்கிலத்துட் புகுந்தது. ஒரு மொழி பிறிதொரு மொழியிடம் சொல்லைக் கடன் கொள்ளும்போது, அச்சொல் சுட்டும் பொருளோடு அப்பொருளை உண்டாக்கிய சமூக ஏற்பாட்டையும் பெரும்பாலும் சேர்த்தே பெற்றுக்கொள்கின்றது. லெவீயின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

முதலிற் சொல்லின் குடும்பத்தை நோக்குவோம். பிரெஞ்சு மொழியில் ‘லெவே’ என்னும் வினை உயர்த்துதல், எழுப்புதல் எனும் பொருள்களைத் தரும். இலத்தீன் மொழியின் ‘லெவாரே’ இதன் மூலம். அதற்கும் அடியாயுள்ளது ‘லெவிஸ்’, அதாவது ‘கனமற்ற’ என்னும் பெயரடை. கனமற்றதே எளிதில் மேலெழும் ஆதலின் இப்பொருள் வளர்ச்சி இயல்பானதே. பாரத்தைக் கிளப்பும் நெம்புகோலுக்கு ஆங்கிலேயர் வழங்கும் ‘லீவர்’, ஞாயிறு எழும் திசையாகிய கீழ்மத்தியதரை நாடுகளைக் குறிக்கும் ‘லெவான்ற்’, மாவைப் பொங்கச் செய்யும் புளிமாவைக் குறிக்கும் ‘லெவன்’ என்பனவெல்லாம் இவ்வேரிற் கிளைத்தவையே. நமது ஆய்வுக்கு முக்கியமானவை மூன்று. ஒன்று, நாம் கண்ட காப்புக்கரை. மற்றொன்று, அரசன் துயிலெழுங்காற் பிரபுக்கள் கூடி வணங்கும் அவைச் சடங்கு. ஆங்கிலத்தில் அதன் பெயரும் ‘லெவீ’யே. இன்னொன்று ‘லெவி’, அதாவது வரியையோ படையாட்களையோ குடிகளிடமிருந்து திரட்டுதல்.

தமிழ் வாசகருக்கு இப்பொருள் விரிவு விளங்காததன்று. நம் மொழியின் ‘எடு’ என்னும் வினை ஏறக்குறைய இதே பாதையிற் சென்றுள்ளது. கோயில் எடுத்தல் என்புழி அது கட்டி உயர்த்துதலாகும். படையெடுப்பு என்புழிப் படை திரட்டிச் செல்லுதல். உறங்கும் மன்னனைச் சூதர் பாடி எழுப்புவதைத் தொல்காப்பியம் ‘துயிலெடை’ என்கின்றது. ‘எடை’ என்னுஞ் சொல் நிறையையும் குறித்தலால், இலத்தீனின் ‘கனமற்ற’ என்னும் வேர்ப்பொருளோடுகூட ஒப்புநோக்க இடமுண்டு. இவ்வொப்புமை மனித சிந்தனையின் பொதுப்போக்கால் நேர்ந்தது. இதனைக்கொண்டு தமிழுக்கும் இலத்தீனுக்கும் இரத்த உறவு காட்டப் புறப்படுவாருக்கு இக்கட்டுரையாளன் பொறுப்பல்லன்.

இலக்கண நிலையில் இன்னொன்றும் கவனிக்கற்பாலது. ‘லெவீ’ என்பது பிரெஞ்சில் ஓர் இறந்தகால எச்சம் பெண்பாற் பெயராய் நின்ற வடிவம். ‘எழுப்பப்பட்டது’ என்பதே அதன் நேர்ப்பொருள். எழுப்பப்பட்ட பொருள் சொல்லிலே நிற்கின்றது. எழுப்பியவர் சொல்லில் இல்லை. அந்த இல்லாத வினைமுதலைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரசவைச் சடங்கினைச் சுருக்கமாகக் கூறலாம். வேர்சாய் மாளிகையிலே பதினான்காம் லூயி மன்னன் துயிலெழுவதே ஓர் அரச கருமமாயிருந்தது. மன்னனுக்குச் சட்டை எடுத்துக் கொடுப்பவன் யார், முதற் குழுவில் உட்செல்வோர் யார், பின்னர் அனுமதிக்கப்படுவோர் யார் என்பன கடுமையான தரவரிசைக்கு உட்பட்டன. இங்கிலாந்து மன்னர் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதனைப் பின்பற்றினர். காலப்போக்கில் படுக்கையறைத் தொடர்பு அற்றுப்போய், ஆடவர்க்கு மட்டுமே உரிய அரச வரவேற்பாக அது மாறியது. அமெரிக்கக் குடியரசின் முதற் சனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டன் நடாத்திய லெவீக்கள் முடியாட்சி வாடை வீசுவனவாகக் கண்டிக்கப்பட்டன. 1801 இல் பதவியேற்ற ஜெபர்சன் அவ்வழக்கத்தைக் கைவிட்டார். பிரித்தானியப் பேரரசின் குடியேற்ற நாடுகளிலோ அது நிலைத்தது. கொழும்பிலே தேசாதிபதியின் லெவீக்கு, முதலியார்மார் தத்தம் பதவிக்குரிய உடையும் வாளும் தரித்துச் சென்றதை நம் பாட்டன்மார் தலைமுறை அறியும். காப்புக்கரை என்னும் பொருளில் இச்சொல்லை ஈழத்தில் அறிந்தோர் அன்று மிகச் சிலரே.

மூன்றாவது பொருளாகிய ‘லெவி’ நேரடியாக அதிகாரத்தின் சொல். 1793 ஆகஸ்ட் 23 ஆம் நாள் பிரெஞ்சுப் புரட்சி அரசு விடுத்த ஆணை, நாட்டு மக்கள் அனைவரையும் போர்ப்பணிக்கு எழுப்பியது; வரலாற்றில் அது ‘லெவீ ஆன் மாஸ்’ என வழங்கும். மண்ணை எழுப்புதற்கும் ஆட்களை எழுப்புதற்கும் ஒரே சொல் அமைந்தமை மொழியின் தற்செயலாயிருக்கலாம். ஆயின் ஒன்றின்றி மற்றொன்று நடைபெற்றதில்லை.

பிரான்சின் லுவார் ஆற்றங்கரையே இதற்கு முதற் சான்று. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே, இங்கிலாந்து மன்னனாயும் அஞ்சூ நாட்டுப் பிரபுவாயுமிருந்த இரண்டாம் ஹென்றி, அவ்வாற்றின் கரைகளைப் பேணும் பொருட்டு அவற்றின்மீதே குடிகளை இருத்தினான். கரையைப் பழுதுபார்ப்பது அவர்கள் கடமை. அதற்கு ஈடாகப் படைச்சேவை முதலியவற்றிலிருந்து விலக்களித்தான். ஒருவகைத் திரட்டலுக்குப் பதிலாக மற்றொருவகைத் திரட்டல். பதினேழாம் நூற்றாண்டில் அமைச்சர் கொல்பேரின் காலத்தில் இக்கரைகள் அரச பொறியியலின் பெருமுயற்சியாய் வளர்ந்தன. வெள்ளம் ஒருபோதும் மேற்கொள்ள இயலாத கரை என்னும் இலட்சியம் இங்கு தோன்றியது. 1846, 1856, 1866 ஆகிய ஆண்டுகளில் லுவார் ஆறு அவ்விலட்சியத்தைப் பல இடங்களில் உடைத்துக்காட்டியது. அதற்கு நெடுங்காலம் முன்னரே அவ்விலட்சியம் கடல் கடந்துவிட்டது.

மிசிசிப்பியின் கீழ்ப்பகுதி நில அமைப்பு நம் நாட்டாருக்குச் சற்று விந்தையாய்த் தோன்றும். அவ்வாறு வெள்ளக்காலத்தில் கரைபுரளுங்கால், அது சுமந்துவரும் வண்டலிற் பருமனான பகுதி கரையோரத்திலேயே படிகின்றது; நுண்ணிய பகுதி அப்பாற் செல்கின்றது. ஆகவே ஆற்றின் ஓரமே உயர்நிலம்; ஆற்றைவிட்டு அகல அகல நிலம் தாழ்ந்து சதுப்பாகின்றது. இவ்வியற்கை மேட்டையும் புவியியலாளர் இன்று லெவீ என்றே அழைக்கின்றனர். 1718 இல் பியன்வீல் என்பவர் நியூ ஓர்லியன்ஸ் நகரை நிறுவியது இத்தகைய மேடொன்றிலேயே. நகருக்கு முன்னே மண்கரை எழுப்பும் வேலை விரைவில் தொடங்கியது. 1727 இல் தேசாதிபதி பெரியே அது நிறைவெய்திற்று என அறிவித்தபோது அதன் நீளம் ஏறத்தாழ ஒரு மைல்.

ஆபிரிக்க அடிமைகளை ஏற்றிய முதற் கப்பல்கள் லூசியானாவை அடைந்தது 1719 இல். இவ்விரு நிகழ்ச்சிகளையும் தனித்தனி அத்தியாயங்களில் எழுதுவது வரலாற்று நூல்களின் வழக்கம். உண்மையில் அவை ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்கள். ஆற்றைத் தொட்டு நிற்கும் ஒடுங்கிய முகப்பும் சதுப்பை நோக்கி நீளும் உடலுமாக நிலம் கீற்றுக் கீற்றாகப் பங்கிடப்பட்டது. ஒவ்வொரு நிலவுடைமையாளனும் தன் முகப்பிற் கரை கட்டல் வேண்டும் என்பது விதி. 1743 ஆம் ஆண்டுக் கட்டளை, 1744 சனவரி முதலாந் திகதிக்குள் கரையை முடிக்காதவரின் நிலம் முடிக்கு உரியதாகும் என எச்சரித்தது. சட்டத்தின் கண்ணிற் கரை கட்டுபவன் நிலவுடைமையாளனே. மண் வெட்டியவனும் சுமந்தவனும் அச்சட்டத்தில் ஆட்களாகவே கருதப்படவில்லை. அவர்கள் அவனது உடைமைகள். வினைமுதல் மறைந்தது இலக்கணத்தில் மட்டுமன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

1803 இல் லூசியானா ஐக்கிய அமெரிக்காவுக்கு விற்கப்பட்டது. ஆட்சி மாறிற்று, மொழி மெல்ல மாறிற்று, கரையின் சொற்கள் மாறவில்லை. கரை உடைப்பைக் குறிக்கும் ‘கிரெவாஸ்’, கரைக்கும் நீருக்கும் இடைப்பட்ட படுகையைக் குறிக்கும் ‘பத்தூர்’ என்பனவும் பிரெஞ்சுச் சொற்களே. நியூ ஓர்லியன்சின் பத்தூர் யாருக்குரியது என்பதுபற்றி 1807 முதல் நடந்த வழக்கு, சனாதிபதி ஜெபர்சனே நூலெழுதித் தம் தரப்பை நியாயப்படுத்துமளவுக்கு வளர்ந்தது. நீராவிக் கப்பல்களின் காலத்தில் பருத்திப் பொதிகள் ஏறி இறங்கும் துறைமேடையும் லெவீ எனப்பட்டது. பின்னர், ஆறோ கரையோ சம்பந்தமின்றிச் சிக்காகோ நகரின் பரத்தையர் சேரியொன்றும் ‘லெவீ’ எனப் பெயர் பெற்றது. சொற்கள் சென்றடையும் இடங்களை அகராதியாசிரியர் முன்கூட்டி அறிவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பொறியியல் விவாதமொன்று எழுந்தது. 1849, 1850 ஆம் ஆண்டுச் சதுப்புநிலச் சட்டங்கள், மத்திய அரசின் சதுப்பு நிலங்களை மாநிலங்களுக்கு வழங்கி, அவற்றை விற்ற பணத்திற் கரைகள் கட்ட வழிசெய்தன. வெள்ளம் இயற்கையாய்ப் பரவிய நிலங்கள் இவ்வாறு பருத்தித் தோட்டங்களாயின. பரவ இடமற்ற நீர் உயர்வதன்றி வேறென் செய்யும்? கரைகளே வெள்ள மட்டத்தை உயர்த்துகின்றன என்றும், வடிகால்களும் நீர்த்தேக்கங்களும் வேண்டும் என்றும் சார்ள்ஸ் எலற் என்னும் பொறியியலாளர் 1852 இல் எச்சரித்தார். இராணுவப் பொறியியலாளர் ஹம்ப்றீசின் 1861 ஆம் ஆண்டு அறிக்கை வேறு வழியைக் காட்டியது. 1879 இல் நிறுவப்பட்ட மிசிசிப்பி ஆற்று ஆணைக்குழுவின் கீழ், கரை ஒன்றே போதும் என்னும் கொள்கை நடைமுறையில் வென்றது. ஆறு உயர்ந்தது, கரை உயர்த்தப்பட்டது, மீண்டும் ஆறு உயர்ந்தது. இதனை வெறும் அறிவியற் பிழையெனக் கொள்வாருளர். வடிகாலுக்கு விடப்படும் ஒவ்வோர் ஏக்கரும் பருத்திக்கு இழக்கப்படும் ஏக்கர் என்பதை மறந்தாலன்றி அவ்வாறு கொள்ளல் இயலாது.

அடிமைமுறை 1865 இல் ஒழிந்தபின் மண் சுமந்தோர் யாவர்? அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகள் முன்னரே கைவண்டியுடன் கரையில் நின்றனர். அவர்களுடன் சிறைக்கைதிகளும் சேர்ந்தனர். லூசியானா மாநிலம் தன் கைதிகளைத் தனியார் ஒப்பந்தகாரருக்குக் குத்தகைக்கு விட்டது. சாமுவேல் ஜேம்ஸ் என்பவரின் குத்தகை 1901 இலேயே முடிவுற்றது. அக்கைதிகளிற் பெரும்பாலோர் கறுப்பினத்தார். அவர்கள் செய்த முக்கிய வேலைகளுள் கரை கட்டுதலும் ஒன்று. நீரைத் தடுக்கும் கட்டையும் மனிதரை அடைக்கும் இடத்தையும் ‘சிறை’ என ஒரே சொல்லாற் குறிக்கும் பழந்தமிழ் வழக்கு இங்கு நினைவுக்கு வருவது தவிர்க்கவியலாதது. தொல்காப்பியத்தின் ‘கற்சிறை’ நீரைத் தடுத்தது. மிசிசிப்பியின் மண்சிறையை எழுப்பியவர்கள் மற்றைய சிறையிலிருந்து அழைத்துவரப்பட்டனர்.

எஞ்சியவை லெவீ முகாம்கள். கோவேறு கழுதைகளை ஓட்டி மண்ணிழுக்கும் கறுப்பினத் தொழிலாளர், ஒப்பந்தகாரரின் கூடாரங்களில் வாழ்ந்து, அவரது கடையிலேயே பொருள் வாங்கி, கூலிநாளிற் கடன் கழிக்கப்பெற்று எஞ்சியதைப் பெற்றனர். பெரும்பாலும் எஞ்சியது எதுவுமில்லை. நம் மலையகத் தோட்டங்களின் துண்டு முறையை அறிந்தோர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை. ரோய் வில்கின்ஸ், ஜோர்ஜ் ஸ்கைலர் ஆகிய இருவரும் 1932 இன் இறுதியில் கூலியாட்களாக மாறுவேடம் பூண்டு அம்முகாம்களுட் புகுந்தனர். அவர்கள் கண்டதை வில்கின்ஸ் கறுப்பின உரிமைச் சங்கத்தின் ஏடாகிய ‘கிரைசிஸ்’ இதழில் 1933 இல் வெளியிட்டபோது, அவ்வுழைப்பை அடிமைமுறை என்றே தலைப்பிலே குறித்தார். அது மத்திய அரசின் பணத்தில் நடந்த வேலை.

இவ்வரலாறு முழுவதும் ஓரிடத்திற் குவிந்து வெளிப்பட்டது 1927 ஆம் ஆண்டு வெள்ளத்திலேயே. அவ்வாண்டு ஏப்ரல் 21 ஆம் நாள், மிசிசிப்பி மாநிலத்தின் கிறீன்வில் நகருக்கு வடக்கே மவுண்ட் லான்டிங் என்னுமிடத்திற் கரை உடைந்தது. உடையும் கணம்வரை கறுப்பினத் தொழிலாளர் துப்பாக்கி முனையில் நிறுத்தப்பட்டு மண்மூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தனர். அங்கு அள்ளுண்டோர் எத்தனை பேர் என்பதில் உத்தியோகக் கணக்கும் செய்தித்தாள்களின் கணக்கும் பெரிதும் முரண்பட்டன. இவ்வுடைப்பும் பிற உடைப்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 27,000 சதுர மைல் நிலத்தை மூழ்கடித்தன. 6 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர்.

கிறீன்வில் நகரைச் சூழ்ந்த வெள்ளத்தில் எஞ்சிய உலர்நிலம் கரையின் முகடு மட்டுமே. ஏறத்தாழ 13,000 பேர், மிகப் பெரும்பாலும் கறுப்பின மக்கள், அவ்வொடுங்கிய மண்மேட்டில் வரிசையாக ஒதுங்கினர். அவர்களை ஏற்றிச்செல்ல நீராவிக் கப்பல்கள் வந்தன. நிவாரணக் குழுத் தலைவர் வில்லியம் அலெக்சாந்தர் பேர்சி அனைவரையும் வெளியேற்றவே விரும்பினார். அவருடைய தந்தையாரும் முன்னாட் செனற்றருமான லிறோய் பேர்சியும் ஏனைய தோட்டத்துரைமாரும் அதனைத் தடுத்தனர். போனவர் மீளார், பருத்திக்கு ஆள் கிடையாது என்பதே காரணம். வெள்ளையர் சிலர் ஏறினர். கப்பல்கள் ஏறக்குறைய வெறுமையாய்த் திரும்பின. கரையில் நின்றவர்கள் காவலுக்குட்பட்டு, அடையாளச் சீட்டு அணிந்து, நிவாரணப் பொருள்களைச் சுமந்தால் உணவு என்னும் நிபந்தனையில் வாழ்ந்தனர். அவ்வாண்டு யூலையில், இரவெல்லாம் உழைத்து மீண்ட கறுப்பினத் தொழிலாளி ஒருவர் மறுபடி வேலைக்குப் போக மறுத்தமைக்காகக் காவலரொருவராற் சுடப்பட்டு இறந்தார்.

இருவகை இலக்கியச் சான்றுகள் இதற்கு உள்ளன. மேற்கூறிய வில்லியம் பேர்சி 1941 இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலின் பெயரிலேயே லெவீ இடம்பெறுகின்றது: ‘லாண்டேர்ன்ஸ் ஒன் த லெவீ’, கரைமேல் விளக்குகள். வெள்ளக்காலத்திற் கரையைக் காவல்புரியும் விளக்குகளை அப்பெயர் நினைவூட்டும். அவ்விளக்கொளி விழுந்த பக்கம் தோட்டத்துரைமாரின் பக்கமே. கறுப்பின எழுத்தாளர் றிச்சர்ட் றைட் 1938 இல் வெளியிட்ட சிறுகதைத் தொகுதியிலுள்ள ‘டவுன் பை த றிவர்சைட்’, அதே வெள்ளத்தைத் துப்பாக்கிக்கும் நீருக்கும் நடுவே அகப்பட்ட ஒருவனின் நிலையிலிருந்து கூறுகின்றது. ‘வென் த லெவீ பிறேக்ஸ்’ என்னும் பாட்டை மெம்பிஸ் மினியும் கன்சாஸ் ஜோ மக்கோயும் 1929 இல் இசைத்தட்டிற் பதிந்தனர். நாற்பதாண்டுகளின் பின் பிரித்தானிய றொக் குழுவொன்று அதனை உலகெங்கும் பரப்பியது. இன்று ஆங்கிலம் பேசாத நாடுகளிலும் லெவீ என்னும் சொல்லை அறிந்த இளைஞர் அப்பாட்டின் மூலமே பெரும்பாலும் அறிந்துள்ளனர். முகாமில் மண்ணிழுத்தவர்களின் பண்பாட்டினாலேயே சொல் இரண்டாம் முறை பயணஞ் செய்தது.

நியூ ஓர்லியன்ஸ் நகரத்தார் அதே ஏப்ரல் 29 ஆம் நாள் வேறொன்று செய்தனர். நகரின் வங்கியாளரும் வணிகரும் மாநில அரசின் அனுமதியைப் பெற்று, நகருக்குக் கீழே கானார்வன் என்னுமிடத்திற் கரையை வெடிவைத்துத் தகர்த்தனர். நகரைக் காக்கும்பொருட்டுச் சென் பேர்னாட், பிளாக்மின்ஸ் ஆகிய இரு வட்டாரங்கள் மூழ்கடிக்கப்பட்டன. ஏறத்தாழ 10,000 பேர், பொறிவைத்து விலங்கு பிடிப்போரும் மீனவரும் சிறு விவசாயிகளும், இடம்பெயர்ந்தனர். உறுதியளிக்கப்பட்ட இழப்பீடு அவர்களுக்கு முறையாகக் கிட்டவில்லை. ஆற்றின் மேற்பகுதியில் ஏற்பட்ட உடைப்புகளால் வெள்ளம் தானே தணிந்தமையின், தகர்ப்பே தேவையற்றதாயிற்று என்பது விரைவில் தெளிவாயிற்று.

1928 மே 15 இல் வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. கரை ஒன்றே போதும் என்னும் கொள்கை கைவிடப்பட்டது. நியூ ஓர்லியன்சுக்கு மேலே பொனே கறே வடிகால் 1931 இல் முற்றுப்பெற்றது. எலற் 1852 இற் கூறியதை ஏற்க எழுபத்தாறு ஆண்டுகள் சென்றன. தனி உடைமையாளனிடமிருந்து கரையின் பொறுப்பு பெரும்பாலும் மத்திய அரசின் கைக்கு வந்தது. ஆயினும் அதே சட்டத்தின் மூன்றாம் பிரிவில், வெள்ளத்தால் விளையும் எவ்வித சேதத்துக்கும் ஐக்கிய அமெரிக்க அரசு பொறுப்பாகாது என்னும் வாசகம் சேர்க்கப்பட்டது.

2005 ஆகஸ்ட் 29 இல் கத்ரீனா சூறாவளி வீசியபோது நியூ ஓர்லியன்சின் கால்வாய்க் கரைகளும் அவற்றின்மேல் நிறுத்திய சுவர்களும் ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களில் உடைந்தன. நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் அமிழ்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கறுப்பின உழைப்பாளர் வாழ்ந்த கீழ் ஒன்பதாம் வட்டாரத்தில், கரையை யாரோ வெடிவைத்துத் தகர்த்தனர் எனப் பலர் உறுதியாக நம்பினர். ஆய்வாளர் அதனை மறுத்தனர். அக்கரைகள் உடைந்தது அமைப்புக் குறைபாட்டாலேயே. ஆயினும் அந்நம்பிக்கையை அறியாமை என ஒதுக்கியோர் கானார்வனை மறந்தவர்கள். 2006 இல் இராணுவப் பொறியியற் படையினரே கரைகளின் வடிவமைப்பிற் பிழை இருந்ததை ஒப்புக்கொண்டனர். வீடிழந்தோர் வழக்குத் தொடுத்தனர். 2008 சனவரியில் மத்திய நீதிமன்ற நீதிபதி ஸ்ரன்வூட் டுவால், பொறியியற் படையைக் கடுமையாகக் கண்டித்துவிட்டு, 1928 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு தம் கைகளைக் கட்டியிருப்பதாகக் கூறி, கரையுடைப்புத் தொடர்பான அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தார்.